கத்துகிற டயர்

போன மாதம் எங்கள் பழைய பட்டறையிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே மெஷினில் நிற்கிற குமார் பேசினான். ரோட்டைப் பிடிக்கிற ரப்பர்ப் பட்டன் கொஞ்சமும் தேயாத புது டயர் நான்கைக் கொண்டுவந்து, பாதிப் பட்டனைச் சீவித் தரச் சொல்கிறாராம் ஒருவர். "ஆளு நல்லாத்தான் கீறாரா பாய்?" என்று என்னிடம் கேட்டான். நல்லாத்தான் இருப்பார், கார்ப் பந்தயம் ஓட்டுகிறவராக இருப்பார் என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பந்தயத்துக்கென்றே தனி டயர் வர ஆரம்பித்த பிறகு இந்த வேலை எங்களிடம் வருவது குறைந்துவிட்டது, அவன் பார்த்ததே இல்லை. எப்படிச் சீவுவது என்று போனிலேயே சொல்லிவிட்டேன். யாருக்கு எந்த டயர் கொடுப்பது என்பதைப் போனில் சொல்ல முடியாது. அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முஸ்தபா. மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் இருக்கிற ஒரு ரீட்ரெடிங் பட்டறையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். தேய்ந்துபோன லாரி டயரின் மேல்தோலைச் சுரண்டி, புது ரப்பரை ஒட்டி, வேகவைத்து எடுப்பதுதான் ரீட்ரெடிங். சுரண்டுகிற மெஷின் என்னுடையது. காற்றடைத்த டயர் ஒரு பக்கம் சுற்றும். எதிரே முள் முள்ளாகப் பல் வைத்த உருளை சுற்றும். இரண்டையும் எவ்வளவு நெருக்குவது என்பதுதான் மொத்த வேலையும். ஒரு மயிரிழை கூடினால் உள்ளே இருக்கிற நூல் தெரிந்துவிடும், டயர் குப்பைக்குப் போகும். முதல் சில வருஷம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும், அவ்வளவுதான்.

முதலாளி ஸ்டெல்லா அக்கா. அப்பாவுக்குப் பிறகு பட்டறையை எடுத்து நடத்தியவர். அவருடைய வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். ரப்பர் வாசனை அவருக்கு ஆகாது, வந்தால் வாசலோடு போய்விடுவார். அக்கா காலையில் வந்ததும் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வந்து கிடக்கிற டயர்களை ஒவ்வொன்றாகத் தாங்கியில் ஏற்றி விரிக்கச் சொல்வார். வெறுங்கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுத் தடவுவார். அறுந்த கம்பி, ஆணி போன துளை, எழும்பி நிற்கிற வீக்கம் எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். உள்ளங்கை முழுக்கக் கீறல் தழும்பு. தேறாத டயர் என்றால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. லாரிக்காரர் கெஞ்சுவார், சண்டைக்கு வருவார், அக்கா அவருக்கு டீ சொல்லி அனுப்புவாரே தவிர குறியை அழிக்கமாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். என்னை "முஸ்தபா சார்" என்று கூப்பிட்டால் அன்றைக்கு எனக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தாம்பரம், சேலையூர், வேளச்சேரி பக்கமிருந்து சின்னக் கார்களில் ஒரு புது மாதிரி வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். வாரம் முழுக்க ஆபீஸ், கடை, கிளினிக் என்று ஒழுங்காக இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற பந்தயப் பாதையில் போய்ச் சுற்றுகிறவர்கள். சிலர் போட்டியில் ஓட்டுவார்கள். சிலர் பயிற்சி நாளில் மட்டும் போய், யாரோடும் போட்டியில்லாமல் ஆசை தீர ஓட்டிவிட்டு வருவார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: புது டயரைச் சீவிக் கொடுங்கள். புது டயரில் பட்டன் உயரமாக இருக்கும். வேகமாக வளைவில் திருப்பினால் அது நெளியும். நெளிந்தால் சூடேறும், சூடேறினால் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். பாதியாகச் சீவிவிட்டால் நெளியாமல் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். காரணம் புரிந்தாலும் மனசு கேட்கவில்லை. மொட்டைத் தலைக்கு முடி வைத்துக்கொண்டிருந்தவனிடம் நல்ல முடியை மழிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

அக்கா கேட்டதும் சீவிக் கொடுத்துவிடவில்லை. முதலில் நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பந்தயப் பாதைக்குப் போனார். சர்ச்சுக்குப் போகாமல் ரேஸ் பார்க்கப் போனது அவர் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. அப்புறம் பல ஞாயிறுகள் போனோம். அதற்குப் பிறகுதான் அவருடைய முறை ஒன்று உருவானது. டயர் வேண்டும் என்று வருகிறவர் முதலில் பழைய டயரைக் கொண்டுவர வேண்டும். டயரின் வெளி ஓரத் தோள் மட்டும் தேய்ந்து பக்கச்சுவர் எழுத்துவரை உரசியிருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். முன் டயர் இரண்டும் கருகிப் பின் டயர் புதுசு போல இருந்தால் ஆள் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்புகிறார். அப்புறம் இரண்டு கேள்வி. இந்தக் காரை வேறு யார் ஓட்டுகிறார்கள்? முடிந்ததும் வீட்டுக்கு எதில் போவீர்கள்? பெரும்பாலும் அதே கார்தான். வழியில் மணிமங்கலத்தில் மழை பிடித்துக்கொண்டால் சீவிய டயருக்குத் தண்ணீரைத் தள்ள வழியிருக்காது. அதனால் வீட்டுக்குப் போக வேறு நான்கு டயர் வைத்திருந்தால்தான் சீவிக் கொடுப்பார். இல்லையென்றால் டீ.

கோபி சார் இப்படி வந்தவர்தான். செம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை. அப்பா காலத்தில் ஏரிக்குக் கீழே நெல் போட்டிருந்த நிலம் மனை மனையாகப் போக, அந்த மனைகளில் எழும்பிய வீடுகளுக்கு இவர் பைப்பும் பெயின்ட்டும் விற்றார். நல்ல மனுஷன். நோன்பு மாதத்தில் பட்டறைக்கு வந்தால் என் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர் டயர் நான்கையும் நான்தான் சீவினேன். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டிய முதல் போட்டியிலேயே விபத்து நடந்தது. பாதையின் பின்பக்கம் வலப்புறமாக நீளமாகத் திரும்புகிற வளைவில் கார் பின்பக்கம் விசிறிக்கொண்டு சுற்றி, இடது பின்சக்கரம் ஓரக் கட்டையில் மோதி, மண்மேட்டில் போய் நின்றது. கோபி சாருக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது.

"படார்னு ஒரு சத்தம், அவ்வளவுதான் தெரியும்," என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அவருடைய காரைத் தயார் செய்து கொடுக்கிற சேலையூர் மெக்கானிக் சேகர் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொன்னான். முடிச்சூர் ரோட்டில் டயரை அளவுக்கு மேல் சீவிவிட்டார்கள், அதனால் வெடித்தது என்றான். வெடித்த டயரைச் சீவியது யார் என்றும் சொன்னான். பேச்சு காற்றைவிட வேகமாகப் போயிற்று. பந்தயக்காரர்கள் வருவது நின்றது. லாரிக்காரர்கள்கூட என் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டுச் செருப்பு மாட்டுகிற இடத்தில் ஒருவர் விசாரித்தார். என் வேலையில் ஆயிரம் குறை சொல்லலாம், நூல் தெரிகிற அளவுக்குச் சீவினேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. அவமானத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா ஆள் அனுப்பி அந்த டயரை எடுத்துவரச் செய்தார். அன்றைக்கு மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். முதலில் மேல்பக்கத்தைப் பார்த்தார். இருக்கிற பட்டனின் ஆழத்தைச் சுற்றிலும் பல இடத்தில் அளந்தார். எங்கேயும் ஏற்றத்தாழ்வு இல்லை, நூல் தெரியவில்லை. பிறகு பக்கச்சுவர். கிழிசல் அங்கேதான் இருந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வெட்டு. கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கினால் விழுகிற வெட்டு அது. ரிம்மும் அதே இடத்தில் வளைந்திருந்தது. கடைசியாகக் கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று, திரும்ப ஒரு சுற்று. கையை எடுத்து வெளிச்சத்தில் என்னிடம் காட்டினார். கை சுத்தமாக இருந்தது. காற்று முதலில் போய், அப்புறம் அந்த டயரில் கார் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால், உள்சுவர் உரசிக் கரித்தூள் கொட்டியிருக்கும். ஒரு பொட்டுக் கரி இல்லை. அப்படியென்றால் டயர் வெடித்து கார் மோதவில்லை. கார் மோதித்தான் டயர் வெடித்தது.

பிறகு கார் ஏன் சுற்றியது? அத்தனை ஞாயிறு பந்தயம் பார்த்ததில் அக்காவுக்கு அதுவும் தெரிந்திருந்தது. சின்னக் கார்களை முன்சக்கரம்தான் இழுக்கிறது. வளைவின் நடுவில் வேகம் அதிகம் என்று பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும், பின்சக்கரம் விசிறிக்கொண்டு போகும். புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தப்பு. கோபி சார் காலை எடுத்திருக்கிறார். எடுத்தது அவருக்கே தெரியவில்லை.

எனக்கு உயிர் வந்தது. டயரைத் தோளில் தூக்கிக்கொண்டேன். நேராக சேலையூர் போய் சேகர் கடை வாசலில் மாட்டிவிட்டு, வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் வெட்டைக் காட்டப்போகிறேன் என்றேன்.

"முஸ்தபா சார், கொஞ்சம் உக்காருங்க," என்றார் அக்கா.

உட்கார்ந்தேன்.

"இத்த காட்டினா நம்ம கடை பொழச்சிக்கும். அந்தாளு இன்னும் கைய தூக்க முடியாம கீறாரு. இப்போ போயி தப்பு உன்னுதுன்னு சொன்னா, நாம தப்பிக்கறதுக்கு சொல்றோம்னு நெனப்பாரு. நம்பவும் மாட்டாரு, எந்திரிக்கவும் மாட்டாரு."

அப்போ என் பேர் என்று கேட்டேன். உன் பேரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு டயரை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மனுஷன் எழுந்திரிக்க வேண்டும் என்பதற்காக நான் தலை குனிந்து நடக்க வேண்டுமா? அதன் பிறகு நாள் கணக்கில் வேலை விஷயம் தவிர அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. வேளாவேளைக்கு டீ மட்டும் வந்தது.

சில மாதம் போனது. ஒரு நாள் மாலை கோபி சாரின் மனைவி கவிதா வந்தார். மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், கொஞ்சமாகப் பேசுகிறவர். தோள்பட்டை சரியாகிவிட்டது, ஆனால் கோபி சார் காரைத் தொடுவதில்லை என்றார். கடைக்கு ஷேர் ஆட்டோவில் போகிறாராம். கவிதா ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு, எந்த நேரமும் டயர் வெடிக்கும் என்று காத்திருப்பாராம். செம்பாக்கம் ஏரி ரோட்டில் ஒரு சைக்கிள் டியூப் வெடித்ததற்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போனாராம்.

"ரேஸ் வேணாங்க்கா. ரோட்டுல பழையபடி ஓட்டினா போதும். வீட்டுல சிரிச்சு எவ்வளவோ நாளாச்சு அவர்," என்றார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் அழுகிறார் என்று தெரிந்ததும் என் கோபம் எங்கேயோ போய்விட்டது. கோபி சாருக்கு நடந்தது என்ன என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அவர் தப்பு செய்தோம் என்று பயப்படவில்லை. தன் கையில் எதுவுமே இல்லை, டயர் நினைத்தால் கொன்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்தார். உண்மை தெரிந்தால் அந்தப் பயம் போகும். ஆனால் அதை எங்கள் வாயால் சொல்ல முடியாது, அவரே ஓட்டிக் கண்டுகொள்ள வேண்டும்.

அக்கா எழுந்து வெளியே போய் கவிதா வந்த காரைச் சுற்றிப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு சரி பண்ணிய அதே கார். தினம் மேடவாக்கம் போய்வருகிற டயர்கள், நம் ஊர்க் கம்பெனியின் சாதாரண ரோட்டு டயர். கவிதா நிதானமாக ஓட்டுகிறவர், அதனால் நான்கும் ஒரே சீராகப் பாதி தேய்ந்திருந்தன. அக்கா நான்கையும் கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, சாக்பீஸை ஓரமாக வைத்தார். இதே டயரோடு கோபி சாரைப் பயிற்சி நாளுக்கு அழைத்து வரச் சொன்னார். என் மெஷின் படாமலே சீவின டயர் அது. என்னை இதில் சேர்க்கவில்லையே என்று கொஞ்சம் வலித்தது. சேர்த்திருந்தால் கோபி சார் ஏறியே இருக்கமாட்டார் என்பதும் தெரிந்தது.

கோபி சாரைச் சம்மதிக்க வைக்க கவிதாவுக்கு நாள் பிடித்தது. பட்டறைக்கு வந்தவரும் சண்டையோடுதான் வந்தார். சேகர் நல்ல மிருதுவான ரப்பரில் வெளிநாட்டு டயர் வைத்திருக்கிறானாம், பசை மாதிரி ஒட்டுமாம். ஓட்டினால் அதில்தான் ஓட்டுவேன், பொண்டாட்டி ஸ்கூலுக்குப் போகிற டயரில் ஓட்ட நான் என்ன பயந்தாங்கொள்ளியா என்று கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா அவரை டயர் அடுக்கின் மேல் உட்காரவைத்தார். "அந்த டயரு நல்லாத்தான் புடிக்கும் கோபி. கடைசி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லாது. வுட்டா ஒரேயடியா வுட்டுடும். இது அப்டி இல்ல. வுடறதுக்கு ரொம்ப முன்னாடியே கத்த ஆரம்பிச்சிடும். நீ என்னா பண்றேன்னு உனக்கு சொல்லிகினே வரும். மொதல்ல இதுல ஓட்டு. அப்பால எதுல வேணா ஓட்டு."

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் அடிபட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கும் எது நல்ல டயர் என்று இன்றைக்கு யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். ஒட்டுகிற டயர் அவர்களுடைய தப்பை மூடி மூடி வைத்து ஒரு நாள் மொத்தமாகக் கொட்டிவிடும். கத்துகிற டயர் அப்போதைக்கப்போது சொல்லிவிடும்.

பயிற்சி நாளன்று எனக்குப் போகவே இஷ்டமில்லை. காற்று பார்க்க ஆள் வேண்டும் என்று அக்கா இழுத்துக்கொண்டு போனார். சேகரும் அவனுடைய ஆட்களும் வந்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். நான் பார்க்காத மாதிரி, நான்கு சக்கரத்திலும் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்தேன். ஓட ஓடச் சூட்டில் அது தானாக ஏறும். அக்கா ஒவ்வொரு டயரின் தோளிலும் பட்டனிலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். எந்த அளவுக்குக் கோடு அழிகிறதோ அந்த அளவுக்கு டயர் சாய்ந்து ஓடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

முதல் சுற்றுகளில் கோடு அழியவே இல்லை. கோபி சார் கோயில் தேர் மாதிரி ஓட்டிவிட்டு உள்ளே வந்தார். யாரோ சிரித்தார்கள். கவிதா ஜன்னலோரம் போய் நின்றார். அக்கா குனிந்து கோட்டைப் பார்த்துவிட்டு, டயர் இன்னும் வாயைத் திறக்கவில்லை, திறக்கிறவரை போய்விட்டு வரலாம் என்று மட்டும் சொன்னார்.

திரும்பப் போனார். இந்தத் தடவை இரண்டாவது சுற்றில் டயர் சத்தம் லேசாகக் கேட்டது. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறியது. அது கூடும்போது அவர் வேகத்தை மட்டுப்படுத்துவதும், குறையும்போது மிதிப்பதும் எங்களுக்குக் காதிலேயே தெரிந்தது. நாங்கள் கம்பி வேலியோரமாக நடந்து அந்த வலப்புற வளைவு தெரிகிற இடத்துக்குப் போய் நின்றோம். கவிதா என் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். என் அக்கா என்றுதான் எழுத வருகிறது, அப்படியே இருக்கட்டும்.

கார் வளைவுக்குள் வந்தது. டயர் கத்தியது. நடு வளைவில் கத்தல் சட்டென்று அறுந்து, வேறு சத்தமாக மாறி, பின்பக்கம் வெளியே விசிற ஆரம்பித்தது. அன்றைக்கு நடந்தது அப்படியே திரும்ப நடக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மோதுகிற சத்தம் வரவில்லை. எஞ்சின் உறுமியது. கண்ணைத் திறந்தபோது, காலை மறுபடியும் அழுத்திக் காரை நேராக்கி, வளைவை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். கவிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதே சுற்றில் உள்ளே வந்து நிறுத்தினார். என்னமோ ஆகிவிட்டது என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். சேகர் குனிந்து பின் டயரைப் பார்த்தான். கோபி சார் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அன்னிக்கு டயர் வெடிக்கல. நான் காலை எடுத்தேன். இப்பவும் எடுத்தேன், அதேதான் ஆச்சு. அன்னிக்கு எடுத்தது எனக்குத் தெரியல."

சேகர் நிமிர்ந்தவன் வேறு பக்கம் பார்த்தான். அக்கா குந்தி உட்கார்ந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா என்று கோபி சார் அவரைக் கேட்டார். தெரியும் என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

தன் தப்பை ஊரறியச் சொல்லிவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நின்ற மனுஷனை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. கவிதா ஓடிவந்ததும் இன்னும் சிரித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார், சிரிப்பு போய்விட்டது. குனிந்து முன் டயரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "பாய், உங்க பேரை நான் எங்கெல்லாம் கெடுத்தேனோ, அங்கெல்லாம் போய் நானே சொல்றேன்," என்றார்.

இப்படி ஒரு நாள் வந்தால் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எத்தனையோ ராத்திரி படுத்துக்கொண்டு சொல்லிப் பார்த்திருக்கிறேன். நறுக்கென்று கேட்க ஒன்று, மனசு நோக ஒன்று, அவர் அழுகிற மாதிரி ஒன்று.

"கைய எடுங்க சார், டயரு கொதிக்குது," என்று சொல்லி அவர் கையைப் பிடித்து விலக்கினேன்.